அம்மாவின் பக்கத்தில் நின்றவர்

"எங்கள் காலத்தில் குடும்பம் என்றால் அதுதான் குடும்பம்" என்று தினமும் விடிந்ததும் ரோஜாப்பூ படம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் உங்கள் வயதுதான். நானும் அதே காலத்தில்தான் வளர்ந்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஒரு விஷயத்தையாவது பிள்ளைகளை உட்காரவைத்து ஒழுங்காகச் சொன்னார்களா? எங்கள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட நாலு வாக்கியத்தால் எங்கள் வீட்டுச் சுவரில் என்ன தொங்கியது என்று கேளுங்கள். பிறகு ரோஜாப்பூ அனுப்புங்கள்.

அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தபோது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மா போன மறு வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா என்னைக் கிள்ளான் ரயிலில் ஏற்றினார்.

"எங்கப்பா போறோம்?"

"ஒரு வீட்டுக்கு."

அவ்வளவுதான் பதில். என் துணியெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்தது. ஒரு வீட்டுக்குப் போய்வர எதற்குப் பெட்டி என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ரப்பர் மரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன். கிள்ளானில் இறங்கி, பஸ் பிடித்து, பண்டமாரானில் ஒரு பலகை வீட்டின் முன்னால் நின்றோம். வாசலில் ஒரு பெண்மணி. அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மூக்கொழுகும் சின்னப் பையன். பின்னால் என் உயரத்தில் ஒரு பெண், என்னைக் கடித்துத் தின்பதுபோல் பார்த்துக்கொண்டு.

"இனிமே இதான் அம்மா. இது அக்கா, இது தம்பி. போய் மூஞ்சி கழுவு," என்றார் அப்பா.

கோயிலில் மாலை மாற்றி ஒரு வாரம் ஆகிவிட்டிருந்தது. "ஒரு வேலை இருக்கு" என்று என்னைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டுப் போனாரே, அந்த வேலை அதுதானாம். பிறகு எவரோ பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அந்த வீடு சின்னம்மாவின் வீடு. சின்னம்மா என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எதுவும் கூப்பிடவில்லை. "அம்மான்னு கூப்பிடு, வாயில முத்தா உதிர்ந்துரும்?" என்று அப்பா தினமும் அதட்டுவார். எனக்கு வாய் வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சின்னம்மாவின் எதிரில் போய் நிற்பேன், திரும்பிப் பார்க்கும்வரை. ஒரு நாள் அவரே அலுத்துப்போய் அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "விடுங்க, கூப்பிட வேணாம். பசிச்சா வந்து நிக்கும். எனக்குக் கண்ணு தெரியும்ல?"

அவருடைய முதல் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காய்ச்சலில் போய்விட்டார். ஆனால் வீட்டைவிட்டுப் போகவில்லை. கதவுக்குப் பின்னால் அவருடைய மழைக்கோட்டு தொங்கியது. மழை வரும் நாளில் அதிலிருந்து ரப்பரும் சுருட்டும் கலந்த ஒரு வாசனை கிளம்பும். ஜன்னலோரம் அவருடைய பிரம்பு நாற்காலி. அதில் யாரும் உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் உட்காரவுமில்லை. அப்பா சமையலறை முக்காலியில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். குளிக்கப் போகும்போதுகூட "போகலாமா?" என்று கேட்பதுபோல் தயங்கித்தான் போவார். வாடகைக்கு வந்தவர்கூட அவரைவிட உரிமையாக நடப்பார்.

அப்படிப்பட்டவர் பிள்ளைகளிடம் மட்டும் பெரிய சட்டம் பேசுவார். "இந்த வீட்டுல உன்னுது என்னுதுன்னு ஒண்ணும் கிடையாது!" அந்தச் சட்டத்தின்படி என் பென்சில் பெட்டி தம்பிக்குப் போனது. அக்காவின் கட்டிலில் பாதி எனக்கு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே துணியில் ஒரே மாதிரி கவுன். பள்ளிக்கூடத்தில் "இரட்டைப் பிள்ளைகளா?" என்று கேட்பார்கள். "இல்ல!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. எல்லாவற்றையும் கலந்து ஒரே பானையில் போட்டுவிட்டால் குடும்பம் ஆகிவிடும் என்று அப்பா நினைத்தார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் உள்ளவர்களால் நான் பட்ட பாடு கெட்ட எண்ணம் உள்ளவர்களால் பட்டதில்லை.

தீபாவளி வந்தது. முதல் நாள் மாலை இறந்தவர்களுக்குப் படையல் போடுவது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். இறந்தவருக்கு என்ன பிடிக்குமோ அதைச் சமைத்து இலையில் வைத்து, புதுத்துணி வைத்து, படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுவோம். எங்கள் வீட்டில் அந்த வருடம் அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல படைச்சிருவோம்" என்றார் அப்பா. சரி. ஆனால் மாலை போடுகிற அளவுக்குப் படம் இல்லை. கிரேன்காரருக்குத் துறைமுக வேலை அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்று இருந்தது. என் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். யாரோ உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம். அதில் அம்மா ஆகக் கடைசியில் நின்றார். படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஒரு கையை என் தலைமேல் வைத்துக்கொண்டு. நான் அம்மாவின் இடுப்பு உயரத்தில் வாயில் விரலோடு நின்றேன்.

அந்தப் படத்தை நான் பள்ளிப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அப்பா கேட்டதும் கொடுத்தேன். பெரிதாக்கித் தருவார்கள் என்றால் எந்தப் பிள்ளை கொடுக்காது?

கிள்ளான் டவுனில் ஒரு ஸ்டூடியோ. உள்ளே போனதும் மருந்து நெடியும் பவுடர் வாசமும் மூக்கில் ஏறும். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு, யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி கயிற்றில் கட்டித் தொங்கும். தீபாவளி நேரம், குடும்பப் படம் எடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அப்பா இரண்டு படங்களையும் மேசையில் வைத்து விரலால் காட்டினார்.

"இவங்க ரெண்டு பேரையும் பெரிசு பண்ணணும். படையலுக்கு."

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரெண்டு பேரும் தவறிட்டாங்களா? அடடா. ஒண்ணாவா?"

"இல்ல. முன்னப் பின்ன."

"சின்ன வயசா இருக்காங்களே. அண்ணன் அண்ணியா?"

அப்பா திரும்பிக் காத்திருந்தவர்களைப் பார்த்தார். ஒரு பாட்டையா, சேலை சரசரக்க இரண்டு பெண்கள், குழந்தைகள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஆமா," என்றார்.

நான் அவர் சட்டையை இழுத்தேன். "அப்பா, அம்மா வந்து..."

"சும்மா இரு."

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். "பாப்பா உங்க பொண்ணா? பெரியம்மா சாயல் அப்பிடியே இருக்கு!"

அப்பா அதற்கும் தலையாட்டினார். என் அம்மாவை எனக்குப் பெரியம்மா ஆக்கியாயிற்று.

"இந்த அம்மா பக்கத்துல நிக்கிற சின்னப் பிள்ளை?" என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர்.

"பெரியவங்க மட்டும் போதும்."

"அதுவும் சரிதான். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலை விழக்கூடாது. வெட்டிடுறேன்."

என் முன்னாலேயே சொன்னார்கள். என்னைத்தான் வெட்டப்போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து எனக்குச் சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஒரு ஐஸ்கச்சாங் வாங்கிக் கொடுத்தார். வாயைத் திறக்காத மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான். பிள்ளையின் வாயில் எதையாவது வைத்து அடைத்துவிடுவார்கள்.

படையலுக்கு முந்தின நாள் பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தோடு அப்பா வந்தார். ஒரே பொட்டலம். சின்னம்மா கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் சுற்றி நின்றோம்.

ஒரே சட்டத்துக்குள் இரண்டு பேரும் நின்றார்கள், தோளோடு தோள் ஒட்டி. பின்னால் ஒரு ஏரியும் திரைச்சீலையும். அந்தக் காலத்தில் இறந்துபோன கணவன் மனைவிக்கு அப்படித்தான் தனித்தனிப் படத்தை வெட்டி ஒட்டி, திரும்பப் படம் பிடித்து, கையால் வர்ணம் தீட்டி ஜோடியாக்கித் தருவார்கள். கிரேன்காரருக்கு அவர் வாழ்நாளில் போடாத கோட்டு மாட்டியிருந்தது. என் அம்மாவின் பச்சைச் சேலை சிவப்பாகியிருந்தது. உதட்டில் ரோஸ் சாயம். அம்மா அதே பழைய சிரிப்போடு படத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் தலைமேல் இருந்த கை இப்போது அந்த ஆளின் கோட்டுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது.

சின்னம்மா வெகுநேரம் பார்த்தார். அவருடைய கணவர். பக்கத்தில் வேறொரு பெண்.

"இது யாரு கல்யாணத்துல எடுத்தது?" என்றார்.

அப்பா அவிழ்த்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். "கடைக்காரன் தப்புப் பண்ணிட்டான் போல."

"கடைக்காரர் தப்புப் பண்ணல," என்றேன் நான். "அப்பாதான் அண்ணன் அண்ணின்னு சொன்னாரு."

அப்பா கையை ஓங்கினார். சின்னம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டார். "பிள்ளைய எதுக்கு அடிக்கிறீங்க? கேட்டப்ப உங்க வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"கடையில ஆளுங்க இருந்தாங்க."

"இருந்தா? பொண்டாட்டி செத்தவன் புருஷன் செத்தவளக் கட்டிக்கிட்டேன்னு சொன்னா, அங்க கட்டித் தொங்குற சீப்பால அடிச்சுத் துரத்துவாங்களா?"

அப்பா முக்காலியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டார். நான் பொட்டலத்தில் இருந்த உறையைப் பிரித்துப் பார்த்தேன். பழைய கல்யாணப் படம் அதில் இருந்தது. மாப்பிள்ளை, பெண், உறவுக்காரர்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். கடைசி ஓரம் மட்டும் இல்லை. அம்மாவை வெட்டி ஒட்டியாயிற்று. நான் ஸ்டூடியோவின் குப்பைக்கூடைக்குப் போய்விட்டேன்.

ஆக, அம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒரே படம் இந்த ஜோடிப் படம்தான். "தீபாவளி முடியட்டும், மாத்திக் கேக்கலாம்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எத்தனை தீபாவளி வந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் அதையே சொன்னார். மறுபடி அந்தக் கடைக்குப் போனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே. போகவேயில்லை.

மறுநாள் காலை சின்னம்மா அடுப்படியில் இருந்தபடியே அப்பாவைக் கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்கு ஆட்டுக்கறியும் கறுப்பு பீரும். உங்க சம்சாரத்துக்கு என்ன பிடிக்கும்?"

"நெத்திலி சம்பால்னா உசிரு அவளுக்கு," என்றார் அப்பா கொஞ்சம்கூட யோசிக்காமல்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன் மூஞ்சி ஏன் இப்பிடிக் கோணுது? சொல்லு."

"நெத்திலி சம்பால் அப்பாவுக்குப் பிடிச்சது. அம்மா சமைச்சுப் போட்டாங்க, அவ்வளவுதான்."

"அப்ப உங்கம்மாவுக்கு?"

அம்மா இறந்து அதுவரை ஒரு மனிதர்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "ஆப்பம் பாலிக்," என்றேன். பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், கல்லில் வார்த்து வேர்க்கடலையும் சீனியும் தூவி மடித்துத் தருவார்களே, அது. அம்மா அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். தெருமுனையில் நின்று எனக்குப் பாதி கொடுத்து, மீதியைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார்.

"படையல்ல போய் அதையா வைப்பாங்க?" என்று அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"உங்களையா கேட்டேன்?" என்றார் சின்னம்மா.

அவருக்குச் செய்யத் தெரியாது. தோசைக்கல்லில் மாவை ஊற்றிச் சீனியைக் கொட்டினார். ஒரு பக்கம் கருகிப்போனது. மடிக்கும்போது உடைந்தது. "சே!" என்று கரண்டியை வீசினார். பிறகு அதையே எடுத்து வைத்தார். அப்பா பெரிய இலை ஒன்றை மட்டும் போட்டிருந்தார். ஒரே வீடு, ஒரே இலை. சின்னம்மா அதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய் இன்னொரு இலை அறுத்துக்கொண்டு வந்து தள்ளிப் போட்டார்.

படம் சுவரில். கீழே இரண்டு இலை. அம்மாவுக்கு ஒரு சேலை, கிரேன்காரருக்கு ஒரு சட்டை. சாம்பிராணி போடுகிற நேரத்தில் பந்திங்கிலிருந்து கிரேன்காரரின் அக்கா வந்து இறங்கினார். ஆட்கள் இருக்கும் வீட்டில் எப்படி நுழைய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, என் தம்பி பக்கத்துல யாரு அவ?"

"இவரோட மொத சம்சாரம், அண்ணி," என்றார் சின்னம்மா.

"அவ எதுக்கு என் தம்பியோட ஒட்டிக்கிட்டு நிக்கிறா?"

அப்பா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே நன்றாக எரியும் விளக்கை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கம்மா ஒண்ணும் ஒட்டிக்கல!" என்று கத்தினேன். "உங்க தம்பிதான் எங்கம்மாவ ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு! நல்லா பாருங்க, எங்கம்மா அந்தப் பக்கம்தான் பாக்குறாங்க!"

சின்னம்மா சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், நிறுத்த முடியவில்லை, கடைசியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. பந்திங் அண்ணி கோபித்துக்கொண்டு போய்விட்டார், போகும்போது மறக்காமல் வடையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு.

தீபாவளி காலையில் படையலில் வைத்த துணியை வீட்டில் உள்ளவர்கள் உடுத்த வேண்டுமே. என் அம்மாவுக்கு வைத்த சேலையைச் சின்னம்மா கட்டிக்கொண்டார். கிரேன்காரருக்கு வைத்த சட்டையை அப்பா போட்டுக்கொண்டார். அளவு அந்த மனிதருடையது. அப்பாவுக்குத் தோள் இரண்டும் தொங்கியது. அதோடு நாள் முழுக்க வந்தவர்களுக்குக் கலர்த்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு திரிந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் சுவரைப் பார்த்து, "உங்க அண்ணன் அண்ணியா?" என்று கேட்டார்கள். அப்பா எல்லோருக்கும் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு எனக்கும் அக்காவுக்கும் மாலைச் சண்டை தொடங்கியது. படத்துக்கு ஒரே மாலை. காலையில் எழுந்து பார்த்தால் அது என் அம்மாவின் முகத்தை மூடித் தொங்கும். அக்காவின் வேலை. பள்ளி விட்டு வந்ததும் நான் அதை இழுத்து அவள் அப்பாவின் மூஞ்சியை மூடுவேன். சாயங்காலம் திரும்ப நகர்ந்திருக்கும். பூவெல்லாம் உதிர்ந்து நார்தான் மிஞ்சும். ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டூலில் ஏறி, ஸ்டூலோடு விழுந்தோம். சின்னம்மா வந்து இரண்டு பேர் முதுகிலும் ஒவ்வொன்று வைத்தார், பாரபட்சம் இல்லாமல். அடுத்த நாளிலிருந்து இரண்டு சின்ன மாலைகள். "உங்கம்மாவுக்கு நீ போடு. உங்கப்பனுக்கு நீ போடு. அடுத்தவங்க ஆளத் தொட்டா கைய உடைப்பேன்."

எல்லாவற்றையும்விட மோசம் தம்பிதான். அவனுக்குத் தன் அப்பாவின் முகம் ஞாபகமில்லை. சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் அவன் படத்தைக் காட்டிச் சொன்னது என் காதில் விழுந்தது. "இது எங்க அப்பா. இது எங்க செத்துப்போன அம்மா. உள்ள சமைக்கிறது எங்க உயிரோட இருக்கிற அம்மா."

"அது என் அம்மாடா!" என்று அவனைப் பிடித்துத் தள்ளினேன். அவன் அழுதான். அப்பா வந்தார். "இந்த வீட்டுல உன்னுது என்னுதுன்னு..." என்று ஆரம்பித்தார். அம்மாவும் அந்தச் சட்டத்தில் சேர்த்தியா என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் கத்தரிக்கோலோடு வந்தாள். "வா, வெட்டிரலாம்," என்றாள். அவள் என்னோடு தானாக வந்து பேசிய முதல் பேச்சு அது. படத்தை இறக்கினோம். பின்பலகையைக் கழற்றி, தாளை வெளியே எடுத்துத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தோம். எங்கே வெட்டுவது? கிரேன்காரரின் கோட்டு முன்னால் இருந்தது. அதன் ஓரமாக வெட்டினால் அவர் முழுசாக வந்துவிடுவார்.

"எங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் அக்கா. "உங்கம்மாவுக்குத்தான் ஒரு கை இருக்காது."

சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. கத்தரிக்கோலைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் வீட்டை ஆட்டிக்கொண்டு ஓடின.

"வேணாம்," என்றாள். "கை இல்லாம நல்லா இருக்காது."

திரும்ப மாட்டிவிட்டோம். அன்றிலிருந்துதான் நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அதெல்லாம் இல்லை. அன்று சாயங்காலமே சீப்புக்குச் சண்டை போட்டோம். எப்போது கூப்பிட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. சின்னம்மாவை எப்போது கூப்பிட ஆரம்பித்தேன் என்றும் தெரியாது.

வருடங்கள் ஓடின. அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காரவில்லை. சின்னம்மா போன வருடம் போனார். போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னையும் அக்காவையும் கூப்பிட்டுவைத்துச் சொன்னார்: "நான் செத்தா என் படத்த யாரு பக்கத்துலயும் மாட்டாதீங்க. ரெண்டு ஆம்பளைக்கும் ஆக்கிப் போட்டாச்சு, துவைச்சுப் போட்டாச்சு. படத்துலயாவது தனியா நிக்கிறேன்." ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டுச் செத்த ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான்.

அவர் படத்தைப் பெரிதாக்க நானும் அக்காவும் கிள்ளானில் ஒரு கடைக்குப் போனோம். போகிற போக்கில் பழைய ஜோடிப் படத்தையும் தூக்கிக்கொண்டு போனோம். சட்டம் கறையான் அரித்து, கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. கவுண்டரில் ஒரு சின்னப் பெண், கையில் ஒரு டப்பாவில் ஐஸ் மைலோ. பழைய படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"உங்க அப்பா அம்மாவா ஆன்டி? சோ ஸ்வீட் லா!"

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"இல்ல," என்றேன். "இவங்க எங்கம்மா. அவரு இவளோட அப்பா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்ததே இல்ல. ரெண்டு பேரும் செத்த பிறகு எங்கப்பாவும் இவ அம்மாவும் கட்டிக்கிட்டாங்க. ஸ்டூடியோக்காரர் தெரியாம ஒட்டிட்டாரு."

"ஓ," என்றாள் அவள், ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டே. "அப்ப பிரிச்சிரவா ஆன்டி? ஈஸிதான்."

அவ்வளவுதான். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் எங்களைச் சீப்பால் அடிக்கவில்லை. அவள் ஒரு வாய் மைலோ குடித்து முடிப்பதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டேன். இதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு மனிதர் ஆயுள் முழுக்கத் தன் பெண்டாட்டியை அண்ணியாக்கிவிட்டுப் போனார். கடைக்கு வெளியே நிறுத்தி அவரை இரண்டு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆள்தான் இல்லை.

அவள் கணினியில் என்னென்னவோ தட்டினாள். அம்மா தனியாக வந்தார். எத்தனை வருடம் கழித்து. ஆனால் அம்மாவுக்கு ஒரு புதுக் கை முளைத்திருந்தது. வளையல் போட்டுக்கொண்டு பக்கத்தில் அழகாகத் தொங்கியது.

"கம்ப்யூட்டரே கை போட்டுருச்சு ஆன்டி. நல்லா இருக்குல்ல?"

"எடுத்துரும்மா."

"ஏன் ஆன்டி? இல்லன்னா வெட்டின மாதிரி தெரியுமே."

"வெட்டினதுதான். அந்தக் கை அப்பிடித் தொங்காது. அது என் தலைமேல இருந்துச்சு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். நல்ல பெண். "உங்க சின்ன வயசுப் படம் ஏதாச்சும் இருக்கா? உங்களையும் பக்கத்துல சேர்த்துத் தரேன்."

"வேணாம் வேணாம்," என்றாள் அக்கா முந்திக்கொண்டு. "உயிரோட இருக்கிறவளுக்கு மாலை விழக்கூடாது. இன்னும் கொஞ்ச நாள் கத்திக்கிட்டுத் திரியட்டும்."

அதனால் என் வீட்டில் இப்போது அம்மா ஒரு கை இல்லாமல்தான் இருக்கிறார். வருகிறவர்கள் கேட்டால் கை எங்கே போனது என்று முழுக் கதையையும் சொல்கிறேன். கேட்டது தப்பாகப் போயிற்று என்று நினைக்கும்வரை சொல்கிறேன். சின்னம்மா எதிர்ச் சுவரில் தனியாக இருக்கிறார், அவர் கேட்டபடி. அப்பா கூடத்துக் கதவுக்கு மேலே. அவரும் தனியாகத்தான். கொஞ்ச நாள் இருக்கட்டும்.

கிரேன்காரரை அக்கா ஜெஞ்சாரோமில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு வாரம் கழித்து போன் பண்ணினாள்.

"எங்கப்பா தனியா என்னமோ மாதிரி இருக்காருடி."

"இவ்வளவு நாள் எங்கம்மாவ நெருக்கிக்கிட்டு நின்னாரு. இப்ப காத்து வாங்கட்டும்."

"இல்ல, நிஜமா. பக்கத்துல காலியா இருக்கு. பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். அவள் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது. "சரி, தீபாவளிக்கு முதல் நாள் அவரத் தூக்கிக்கிட்டு இங்க வந்துரு. சேர்ந்தே படைப்போம். ஆனா நடுவுல இடம் விட்டுத்தான் வைப்பேன், சொல்லிட்டேன்."

"ரெண்டு இலை போடணும்."

"நாலு இலை போடணும். எண்ணத் தெரியாதா உனக்கு?"

"ஆப்பம் பாலிக் யாரு செய்றது? அம்மாவும் இல்ல."

"வாங்கிக்கலாம் லா. இப்பத்தான் எங்க பார்த்தாலும் விக்கிறானே."

"கடையில வாங்கினா ஒரு பக்கம் கருகி இருக்காதே," என்றாள் அக்கா.

"வாங்கிட்டு வந்து கருக்கிக்கலாம்," என்றேன்.